போய்ச் சேந்துட்டீங்க, மறுகா?

மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கெண்டு வந்த வெளிநாட்டுச் சனம் எல்லாம் போய் முடிஞ்சுது, கல்லடிப் பாலத்தில பின்னேரம் நிண்டு போட்டோ எடுக்கிற கூட்டமும் குறைஞ்சுட்டு. இப்ப மெசேஜா வந்து குவியுது, முக்காவாசி ஒரே விஷயம்தான், ஊருக்கு வந்துட்டுத் திரும்பிப் போனதுக்குப் பிறகு வாற கவலயள். அதால மத்தக் கேள்விகளத் தள்ளி வச்சுட்டு இந்த மாதம் இதுகளுக்கு மட்டும் பதில்.

*அக்கா, பதினொரு வருஷத்துக்குப் பிறகு புள்ளையளோட ஊருக்கு வந்து, களுவாஞ்சிக்குடியில அம்மாட வீட்ட அஞ்சு கிழம நிண்டம். திரும்பி வந்து ரெண்டு கிழமையாகிட்டு, இன்னும் விடிய மூணு மணிக்கு முழிப்பு வருது, வேலையில நிக்கக்குள்ள சும்மா அழுக வருது, சின்னவள் பெத்தாட்டப் போவம் எண்டு ஒத்தக் காலில நிக்கிறாள். எல்லாத்தயும் வித்துட்டு ஊரோட வந்திருவமா எண்டு இவர்ட்டயும் கேட்டுட்டன், இவர் பதிலே சொல்றார் இல்ல.*
*வாசகி, சூரிச்*

தங்கச்சி, முதல்ல அந்த மூணு மணியப் பாப்பம். இப்ப கோடையில உங்களுக்கும் எங்களுக்கும் மூண்டரை மணித்தியால வித்தியாசம், அப்ப அங்க மூணு மணியெண்டா இங்க ஆறரை, உங்கட அம்மா வாசல் கூட்டுற நேரம். ஒரு மணித்தியால வித்தியாசத்துக்கு ஒரு நாள் எண்டு கணக்குப் போட்டாலும் நாலஞ்சு நாளில உடம்பு பழகியிருக்க வேணும். ரெண்டு கிழம போயும் முழிப்பு வருதெண்டா நான் ஒண்டு கேக்கிறன், பொய் சொல்லாமச் சொல்லுங்க, முழிச்ச உடனே போன எடுத்து குடும்பக் குரூப்பப் பாக்கிறீங்கதானே? அந்த நேரம் கண்ணில படுற வெளிச்சம் உடம்புக்கு விடிஞ்சுட்டு எண்டு சொல்லிக் குடுக்கும், அது அடுத்த நாளும் அதே நேரத்துக்கு எழுப்பிவிடும். போன வேற அறையில வைங்க. பின்னேரம் வேலை முடிஞ்சு வந்து சோபாவில விழுந்துராம வெளிய நடங்க, ஆவணியில அங்க எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கு. அழுக இன்னும் ரெண்டு மூணு கிழம இப்பிடியே நிண்டா, சாப்பாடும் இறங்காட்டி, உங்கட குடும்ப டொக்டர்ட்டப் போய்ச் சொல்லுங்க, இதுக்கெல்லாமா டொக்டர் எண்டு நினைக்க வேணாம்.

விக்கிற கதைக்கு வாறன். நானும் ஒஸ்லோவில ஒம்பது வருஷம் இருந்துட்டு வந்தவள்தான். வந்து மூணு மாசம் நான் விருந்தாளி. பக்கத்து வீட்டில இருந்து பிட்டு வரும், சொந்தக்காரர் வீட்டில இருந்து நண்டு வரும், நாலாவது மாசம் ஒண்டும் வரல்ல, கரண்ட் பில்தான் வந்துது. நீங்க நிண்ட அஞ்சு கிழமயும் திருவிழாக் கிழம. தம்பி லீவு போட்டான், வேன் பிடிச்சான், காலம விடியவே இறால் வாங்கினாங்க. அந்த இறால அம்மா தனக்கெண்டு எத்தின நாள் வாங்குவாண்டு தம்பிட்டக் கேட்டுப் பாருங்க. கச்சான் காத்து நெருப்பா அடிக்கிற நாளில நீங்க பாசிக்குடாவில இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டீங்க, உங்கட அண்ணன் வெயிலுக்குள்ள வேலைக்குப் போய் வந்தார். வராதீங்க எண்டு சொல்லல்ல. அடுத்த முற மார்கழியில ஒரு பத்து நாள் வாங்க, அடைமழைக்குள்ள, ஒழுங்கையில தண்ணி நிக்கிற நேரம், ஒருத்தரும் லீவு போடாத நேரம். மறுகா முடிவெடுங்க. இவர் பதில் சொல்லாததுக்கும் இதுதான் காரணமா இருக்கும், அவரும் கணக்குப் பாத்திருப்பார்.

சின்னவள மறக்கப் பண்ணப் பாக்காதீங்க. பெத்தாட வீட்டுக் கோழி அடை கிடந்துதெண்டு எழுதியிருந்தீங்களே, ஞாயித்துக்கிழமைக்கு ஒருக்கா பெத்தா வீடியோவில குஞ்சுகளக் காட்டட்டும். அவளுக்கு அது காணும், உங்களுக்குத்தான் காணாது.

*டொரண்டோவுக்கு வந்து ஆறாம் நாள் நல்ல காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால நோவு, மூட்டெல்லாம் உளைவு. பிளேன் அலுப்புத்தானே எண்டு மனிசி சொல்றா. ராவில நுளம்பு வலைக்குள்ளதான் படுத்தம்.*
*வாசகர், டொரண்டோ*

இவருக்கு மெசேஜ் வந்த அண்டைக்கே பதில் போட்டுட்டன், மத்தாக்களுக்காக இங்கயும் எழுதுறன். இது டெங்குக் காய்ச்சலா இருக்கலாம். டெங்கு நுளம்பு பகலிலதான் கூடக் கடிக்கும், ராவில வலைக்குள்ள படுத்தது போதாது. கடிச்சு 4 நாளில இருந்து 10 நாளுக்குள்ள காய்ச்சல் காட்டும், அதால ஊரில கடிச்சது அங்க போய்த்தான் தெரியும். அண்டைக்கே டொக்டர்ட்டப் போங்க, எந்த நாட்டில இருந்து எந்தத் திகதி வந்தனெண்டு வாயத் திறந்து சொல்லுங்க, அவங்களாக் கேக்கமாட்டாங்க. காய்ச்சலுக்கு பாரசிட்டமோல் மட்டும், அளவோட. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனாக் ஒண்டும் தொடாதீங்க, ரத்தக்கசிவக் கூட்டிவிடும். காய்ச்சல் இறங்கின உடனே சுகம் எண்டு எழும்பி ஓடாதீங்க, இறங்கிற அந்த ஒண்டு ரெண்டு நாள்தான் பயம். வயித்துக்குத்து, நிக்காத சத்தி, முரசால மூக்கால ரத்தம், இதில ஒண்டு வந்தாலும் நேர ஆஸ்பத்திரி. இலங்கையில மலேரியா இல்லையெண்டு 2016இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் குடுத்துட்டு, எண்டாலும் அங்கத்த டொக்டர் அதுக்கும் ரத்தம் எடுத்தா எடுக்க விடுங்க.

*எருமத் தயிர் ஒரு முட்டியும் நெய்யும் சூட்கேசில கொண்டு வந்தன், பாரிஸ் எயார்போட்டில எடுத்து எறிஞ்சுட்டாங்க. கருவாட்ட விட்டுட்டாங்க. என்ன நியாயம் இது?*
*வாசகர், பாரிஸ்*

தயிர் முட்டிய சூட்கேசில வச்ச உங்கட தைரியத்துக்கு ஒரு கும்பிடு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளிநாட்டுப் பயணியள் இறைச்சியும் பால் சாமானும் கொண்டு போக ஏலாது, நெய்யும் பால் சாமான்தான். கருவாடு மீன் கணக்கில வரும், ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுவாங்க. தேன் 2 கிலோ. பழம் இலை எல்லாத்துக்கும் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேணும், தேங்காய், வாழப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் இந்த அஞ்சுக்கும்தான் வேணாம். கறிவேப்பிலை அந்த அஞ்சுக்குள்ள இல்ல, உடுப்புக்குள்ள சுத்தி வச்சுட்டு நெஞ்சு பதைக்கப் போகாதீங்க.

*மகள், என்ட மகன் குடும்பம் ஜெர்மனியில இருந்து வந்து ஒரு மாசம் நிண்டுட்டுப் போய்ட்டாங்க. அரிசி போட்டா அளவு பிழைக்குது, சோறு மிஞ்சுது. கோல் எடுத்தா எப்ப வாறீங்க எண்டு கேக்கவேணாமாம், அவர் யோசிக்கிறாராம், மருமகள் சொல்லிட்டா. பேரன்ட செருப்பு வாசலில கிடக்கு. எடுத்து வைக்கவா, எறியவா?*
*ஒரு அம்மா, பெரியகல்லாறு*

அம்மா, வெளிநாட்டில இருந்து எழுதினாக்கள் எல்லாரும் தங்கட கவலயத்தான் எழுதினாங்க, வீட்டில மிஞ்சின சோத்தப் பத்தி நீங்க ஒராள்தான் எழுதினீங்க. இதைப் படிக்கிற மகன்மாரே மகள்மாரே, போய்ச் சேந்துட்டம் எண்டு ஒரு மெசேஜ் போட்டுட்டு ரெண்டு கிழம காணாமப் போகாதீங்க, இங்க வீடு சத்தமில்லாமக் கிடக்கிற ரெண்டு கிழம அதுதான். பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள ஒரு அஞ்சு நிமிஷம் எடுத்து என்ன கறி எண்டு கேளுங்க.

மருமகள் சொன்னதும் பிழையில்லம்மா, எப்ப வாறீங்க எண்டதுக்கு அவன்ட கையில பதில் இல்ல, டிக்கட் விலை அப்பிடி. அதுக்குப் பதிலா இண்டைக்கு என்ன சமைச்சீங்க எண்டு அவளக் கேளுங்க, உங்கட மீன் சொதி எப்பிடி எண்டு திருப்பிக் கேப்பா. அரிசிக்கு சின்னச் சுண்டா மாத்துங்க. செருப்ப வைக்கவும் வேணாம், எறியவும் வேணாம், அடுத்த முற வரக்குள்ள பேரன்ட கால் அதுக்குள்ள போகாது. பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் குடுங்க, அவன் அதப் போட்டுக்கிட்டு உங்கட வாசலாலதான் ஓடித் திரிவான்.