சீமைக்கருவேலத்தை இலவசமாக வெட்டித் தருகிறேன் என்றால் சம்மதிக்கலாமா?

கேள்வி: தென் தமிழகத்தில் ஒரு ராணுவ முகாமின் நிலப் பராமரிப்பைக் கவனிக்கிறேன். சுமார் பத்து ஏக்கரில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. விறகை எடுத்துக்கொண்டு இலவசமாகவே சுத்தம் செய்து தருவதாக ஒரு ஒப்பந்தக்காரர் சொல்கிறார். பிறகு நாட்டு மரங்கள் நட ஆசை. அவரிடம் விடலாமா?

பதில்: விடாதீர்கள். அவருக்கு வேண்டியது விறகும் கரிமூட்டத்துக்கான கட்டையும்தான். உங்களுக்கோ தூர் வெளியே வர வேண்டும். தரைக்கு மேல் வெட்டியதும் அவர் லாரியோடு கிளம்பிவிடுவார். அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். சில வருடங்களில் மறுபடி விறகு தேறும், அவரும் மறுபடி வருவார். உங்கள் நிலம் அவருடைய விறகுத் தோட்டமாகிவிடும்.

இன்னொன்று, ராணுவ நிலத்தில் நிற்கும் மரம் அரசுச் சொத்து. விறகுக்கு விலை உண்டு, அது அரசுக் கணக்குக்குப் போக வேண்டும். வாய்ப்பேச்சில் யாரையும் உள்ளே விட்டால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ராணுவ நிலங்களைக் கவனிக்கும் டிஃபென்ஸ் எஸ்டேட்ஸ் அலுவலகத்தின் எழுத்துபூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கிளைகூட வெட்ட விடாதீர்கள்.

அனுமதி வந்த பிறகும், எது நிற்க வேண்டும் என்று நீங்களே நடந்து பார்த்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள். நாட்டுக் கருவேலத்தையும் வன்னியையும் 'எல்லாம் முள்ளுதானே' என்று சேர்த்து வெட்டி ஏற்றிவிடுவார்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிர். பூக்கும் காலத்தில் பார்த்தால் இந்த இரண்டுக்கும் குழப்பம் வராது. வன்னியின் பூவும் கதிர்தான், அதனால் அதைப் பூவை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள்.

வேரோடு எடுக்க ஜேசிபி போதும். மேல்வேர் துளிர்க்கும் பகுதி முழுக்க வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு இடத்தில் இதைச் செய்யவே கூடாது. அது பழைய சுடுதளம். அதன் ஓரம், குண்டு விழும் மண்மேட்டின் பின்பக்கம், பயிற்சிக்குப் பயன்பட்டு இப்போது கைவிடப்பட்ட மூலைகள் எல்லாமே இதில் அடக்கம். வெடிக்காத குண்டு மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்தாலும் வெடிக்கும். 'அங்கே சுட்டு இருபது வருஷமாச்சு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெடிபொருள் அகற்றும் பிரிவு சோதித்து எழுதிக் கொடுக்கும்வரை மண்வெட்டிகூட உள்ளே போகக் கூடாது. கூலியாட்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது, அவர்கள் உயிருக்கு நாம்தான் பொறுப்பு. சோதனை முடியாவிட்டால் அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே சீமைக்கருவேலம் நிற்பதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

சரி, நடுவதற்கு வருவோம். வேம்பு, புங்கம், உசிலை, வெள்வேல், ஆத்தி, வன்னி போதும். ஒரே மரத்தை வரிசையாக நடாமல் கலந்து நடுங்கள். 'நாட்டு மரம்' என்று சொல்லி நாற்றுத் தரகர்கள் தூங்குமூஞ்சி, குல்மோகர், சுபாபுல், கோனோகார்பஸ் எல்லாம் தலையில் கட்டுவார்கள். ஒன்றுகூட நம் ஊர் மரம் இல்லை. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. சுபாபுல் இன்னொரு சீமைக்கருவேலமாகவே மாறிவிடும். வேகமாக வளரும் என்ற ஒரே காரணத்துக்காக எதையும் வாங்காதீர்கள்.

எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. 1982-லேயே ராணுவத்தின் பகுதிநேரப் படையான டெரிட்டோரியல் ஆர்மி சுற்றுச்சூழலுக்கென்று தனிப் பட்டாலியன் தொடங்கி, முசோரி மலையில் சுண்ணாம்புக் குவாரிகள் சிதைத்த சரிவுகளில் மரம் வளர்த்துக் காட்டியது. அந்த அனுபவம் அதே ராணுவத்துக்குள் இருக்கும்போது, மற்ற முகாம்களில் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 அன்று குழி வெட்டி, படம் எடுத்து, நட்ட எண்ணிக்கையை மேலே அனுப்புவதோடு முடித்துக்கொள்கிறார்கள். எத்தனை பிழைத்தன என்று யாரும் கேட்பதில்லை. அதிகாரி மாற்றலாகிப் போனதும் தண்ணீர் ஊற்றுவதும் நின்றுவிடுகிறது.

அதனால் மரம் நடுபவரோடு போடும் ஒப்பந்தத்திலேயே மூன்று வருடப் பராமரிப்பை எழுதி வையுங்கள். கோடையில் தண்ணீர், ஆடு மாடு நுழையாத வேலி, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் முளைக்கும் சீமைக்கருவேலக் கன்றுகளைக் கையால் பிடுங்குவது எல்லாம் அதில் வர வேண்டும். வேலி முக்கியம், ஏனென்றால் நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில்தான் விதை பரவுகிறது. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதையும் வருடக்கணக்கில் முளைத்துக்கொண்டே இருக்கும். பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடாமல், உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணி வருடாவருடம் கொடுங்கள். பத்து ஏக்கரையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு ஏக்கரில் ஆரம்பியுங்கள். அதைக் காப்பாற்றிய பிறகு அடுத்த இரண்டு ஏக்கருக்குப் போகலாம்.