குன்னூரில் பூக்காத நாஸ்டர்ஷியம்: உரத்தை நிறுத்திப் பாருங்கள்

வணக்கம். மண்புழு உரமும் மீன் அமிலமும் (மீனையும் வெல்லத்தையும் புளிக்கவைத்த கரைசல்) தவறாமல் கொடுத்தும், குன்னூரில் உங்கள் நாஸ்டர்ஷியம் தாமரை இலைபோல் அகன்ற இலைகளை மட்டும் விட்டு, மூன்று மாதமாகியும் பூக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். குறை பெரும்பாலும் அந்த உரத்தில்தான் இருக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, சத்துக் குறைந்த, நீர் தேங்காத மண்ணில்தான் நிறையப் பூக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் கொடியும் இலையுமாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆகவே உரத்தை முற்றிலும் நிறுத்திவிட்டு, நாளுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்திற்குத் தொட்டியை நகர்த்தி, மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் நீர் ஊற்றுங்கள். வேர் கலைவதை இச்செடி விரும்பாது என்பதால், வேறு மண்ணுக்குப் பிடுங்கி நட வேண்டாம். அதைவிட, சில விதைகளை ஓரிரவு ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் கலந்த புதிய தொட்டியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் ஆழத்தில் நேரடியாக ஊன்றிவிடுவது நல்லது.

தழைச்சத்து மிகுந்த இளந்தளிர்களை அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி விரைவில் பற்றும். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து, பூச்சி தென்பட்டால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள்; உண்ணக்கூடிய செடி என்பதால் இரசாயன மருந்து தயவுசெய்து வேண்டாம்.

இப்போதுள்ள இலைகளை வீணாக்காதீர்கள். கடுகின் காரம் கொண்ட இளம் இலைகளைப் பொடியாக நறுக்கித் தயிர்ப் பச்சடியில் சேர்த்தால் மிகச் சுவையாக இருக்கும். பூக்களையும் அப்படியே உண்ணலாம். பச்சைக் காய்களை முற்றுவதற்குள் பறித்து, உப்பும் வினிகரும் சேர்த்து ஊறுகாயாகப் போடலாம்.