மாடித்தோட்டத்து ஈக்கு என் பேரு வெக்க முடியுமா?

கேள்வி: சார், எங்க மாடித்தோட்டத்துல அவரை, தக்காளி ரெண்டுலயும் இலை பூரா வெள்ளை வெள்ளையா நெளிநெளியா கோடு. பையன் காலேஜ்ல ஜுவாலஜி படிக்கிறான், லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு உள்ள குட்டிப் புழு இருக்கும்மா, இது ஒரு ஈயோட புழு, யாருக்கும் தெரியாத புது ஈயா கூட இருக்கலாம், உன் பேரையே வெச்சுரலாம்னு கிண்டல் பண்றான். நெஜமாவே ஒரு ஈ புதுசுன்னு எப்படி முடிவு பண்றாங்க? பேரு யாரு வெக்கிறாங்க? அப்புறம் இதுக்கு மருந்து அடிக்கலாமா? - ஒரு வாசகி, கொளத்தூர்

பதில்: பையன் சொன்னது பாதி சரிம்மா. அது ஈயோட புழுதான். அம்மா ஈ ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா பெருசு, வயித்து நுனியால இலையில ஓட்டை போட்டு முட்டைய உள்ள சொருகிட்டுப் போயிரும். பொரிஞ்சு வர்ற புழுவுக்கு காலும் கிடையாது, தலைன்னு தனியா ஒண்ணும் கிடையாது, வாயில அருவா மாதிரி ரெண்டு கொக்கி மட்டும்தான், அதை வெச்சு இலையோட மேல் தோலையும் கீழ் தோலையும் விட்டுட்டு நடுவுல இருக்கற பச்சைய மட்டும் சுரண்டித் தின்னுட்டே போகும், மெட்ரோக்காரங்க மேல ரோட்டைத் தொடாம அடியில தோண்டுற மாதிரி (ரோட்டைத் தொடலன்னு சொன்னா கொளத்தூர்க்காரங்க நீங்க என்னை அடிக்க வருவீங்க, சரி விடுங்க). கோடு ஒரு முனையில நூல் மாதிரியும் இன்னொரு முனையில அகலமாவும் இருக்கும் பாருங்க, தின்னத் தின்ன புழு பெருத்ததுதான் காரணம்.

எலுமிச்சை இலையிலயும் இதே மாதிரி வெள்ளிக்கோடு வரும், ஆனா அது ஈ இல்ல, ஒரு குட்டி அந்துப்பூச்சியோட புழு. கோட்டுக்குள்ள கருப்பா இருக்கற எச்சத்தைப் பாருங்க. அந்துப்பூச்சி புழுன்னா நடுவுல ஒரே லைனா இருக்கும். ஈப்புழு ஒருக்களிச்சுப் படுத்துதான் திங்கும், அப்பப்ப புரண்டு படுக்கும், அதனால எச்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாறி மாறி கிடக்கும். எல்லா ஈயும் இந்த ரூலுக்குக் கட்டுப்படாது, இருந்தாலும் முதல் பார்வைக்குப் போதும்.

இப்ப கிண்டலுக்கு வருவோம். அவரை, தக்காளின்னு ரெண்டு குடும்பத்துச் செடியிலயும் ஒரே ஈ புகுந்து விளையாடுதுன்னா பெரும்பாலும் அது லிரியோமைசா டிரைஃபோலி. அமெரிக்காக்கார ஈ, 1880-லயே அதுக்குப் பேரு வெச்சாச்சு, சாமந்தி நாத்துல ஒட்டிக்கிட்டு உலகம் பூரா சுத்தி 1990-கள் ஆரம்பத்துல நம்ம நாட்டுக்கும் வந்துட்டான். ஸோ, உங்க பேரு வெக்க மாடி தோதான இடம் இல்ல. வேலியோரமா, காலி பிளாட்ல யாரும் சீண்டாத ஒரே ஒரு செடிய மட்டும் திங்கற ஈ இருக்கும் பாருங்க, புதுசு கிடைச்சா அங்கதான் கிடைக்கும். இந்த ஈயோட குடும்பத்துல உலகத்துல ஏற்கனவே ஏறக்குறைய 3,000 வகை பேரோட இருக்கு, புதுசுன்னு சொல்றவங்க அதுல ஒண்ணு இல்லன்னு காட்டணும், அதான் தலைவலி.

முதல்ல புழுவ வளக்கணும், ஏன்னா வெறும் புழுவ வெச்சு இதுதான்னு அடிச்சு சொல்றது கஷ்டம். இலையப் பறிச்சு டிஷ்யூ பேப்பரோட ஜிப்லாக் கவர்ல போட்டா புழு வெளிய வந்து கூட்டுப்புழுவா மாறும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒன்றரை வாரம் போல ஆனா ஈ வந்துரும். வந்த உடனே கொல்லக்கூடாது, அப்ப வெளுத்துப்போய் தொளதொளன்னு இருக்கும், ஒரு நாள் விட்டாதான் கலரு ஏறும், உடம்பு கெட்டியாகும். கவர் மேல இடம், தேதி, என்ன செடின்னு எழுதணும், செடிய பூவோட பேப்பர்ல வெச்சு அமுக்கி வெக்கணும், செடி பேரு தப்பானா மொத்தமும் போச்சு. நான் ஒருவாட்டி எதுவும் எழுதாம ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், வீட்டுக்காரம்மா அழுகின கீரைன்னு குப்பையில போட்டுட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல.

அடுத்து அடையாளம். இந்த ஈங்க எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான், மஞ்சளும் கருப்பும். உண்மையான வித்தியாசம் ஆண் ஈயோட இனப்பெருக்க உறுப்புலதான் இருக்கு. வயித்த தனியா எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல ஊற வெச்சா சதை கரைஞ்சு கெட்டியான பாகம் மட்டும் நிக்கும், அதை கிளிசரின்ல போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்த்து வரைவாங்க, நுனியில இருக்கற கிண்ணம் மாதிரி சின்ன பாகம் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு ஷேப். சாவியும் பூட்டும் மாதிரி. பொம்பள ஈ மட்டும் கையில இருந்தா பல நேரம் பேரே சொல்ல முடியாம நிப்பாங்க. இப்ப கூடவே டிஎன்ஏ பார்கோடு, 658 எழுத்து நீளத்துல ஒரு ஜீன் துண்டு, அதையும் படிச்சு ஒப்பிட்டுப் பாக்குறாங்க. என்னைக் கேட்டா பார்கோடு மட்டும் போதாது, படம் வரையற கைதான் முக்கியம்.

பேரு வெக்கிறது யாருன்னா, அந்த விவரத்தை எல்லாம் எழுதி அச்சுல கொண்டு வர்றவங்கதான். ஒரே ஒரு ஈய ‘ஹோலோடைப்’னு குறிச்சு, அது எந்த மியூசியத்துல இருக்குன்னு சொல்லணும். பின்னாடி யாருக்கு சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு ஈதான் சாட்சி. நம்ம நாட்டுல 2002 பல்லுயிர் சட்டப்படி புதுசா கண்டுபிடிச்சா அரசு சொல்ற காப்பகத்துக்குத் தகவல் சொல்லி மாதிரியையும் குடுக்கணும். அந்தச் சட்டத்தைப் பாத்துக்கற தேசிய ஆணையம் நம்ம தரமணியிலதான் இருக்கு, இந்திய விலங்கியல் ஆய்வகத்தோட தென்மண்டல ஆபீஸ் சாந்தோம்ல, அதனால பையனுக்கு பஸ் டிக்கெட் செலவு மட்டும்தான்.

தன் பேரைத் தானே வெக்கக்கூடாதுன்னு ரூல் எதுவும் இல்ல, ஆனா வெச்சா சிரிப்பாங்க. பையன் எழுதினா அம்மா பேரை தாராளமா வெக்கலாம், பொம்பளைங்க பேருன்னா கடைசியில லத்தீன் முறைப்படி ‘ஏ’ன்னு முடியும். ஊரு பேரும் வெக்கலாம், நாம ரசம் வெச்சு குடிக்கற முசுமுசுக்கை இருக்கே, அதோட அறிவியல் பேருல ‘மதராஸ்பட்டனஸ்’னு நம்ம ஊருதான் இருக்கு.

மருந்து வேணாம்மா. புழு தோலுக்கு அடியில இருக்கு, மேல அடிச்சா பெரும்பாலும் அது பாட்டுக்கு திங்கும், புழுவ திங்க வர்ற குட்டிக் குளவிதான் சாகும். கோடு விழுந்த இலைய கிள்ளி கவர்ல கட்டிப் போடுங்க, தொட்டியில உதிர விட்டா புழு மண்ணுல இறங்கி மறுபடியும் ஈயா வரும். பையனுக்குன்னு ரெண்டு இலை மட்டும் தனியா எடுத்து வெச்சுருங்க. கவர்ல இருந்து ஈக்குப் பதிலா, அந்தப் புழுவ தின்னு வளந்த கருப்பா மினுக்குற குளவி வந்தாலும் தூக்கிப் போட வேணாம்னு சொல்லுங்க, அதுக்கும் பேரு கண்டுபிடிக்கணும்ல.