மாணவர்களின் ஆளுமையைப் புரிந்துகொள்வது பாடம் நடத்த உண்மையிலேயே உதவுமா, இல்லை பி.எட். தேர்வோடு முடிந்துவிடுகிற விஷயமா?

உதவும். ஆனால் பிள்ளைகளை வகை பிரித்துப் பட்டியல் போட அல்ல. யாரிடம் எப்படிக் கேட்பது, எவ்வளவு நேரம் பொறுப்பது, எந்த இடத்தில் வைத்துத் திருத்துவது என்று முடிவெடுக்க.

நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒரு பையன், கேள்வியை நான் முடிப்பதற்குள் "சார், சார்" என்று எழுந்துவிடுவான். பாதி நேரம் விடை தப்பு. அதைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. இன்னொரு பெண் வாயே திறக்க மாட்டாள். நோட்டைத் திருப்பிப் பார்த்தால், நான் போர்டில் எழுதுவதற்கு முன்பே கடைசிப் பக்கத்தில் கணக்கைப் போட்டு முடித்திருப்பாள். பென்சிலில், தப்பென்றால் அழித்துவிட வசதியாக.

அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி "எப்படி வந்தது, ஒவ்வொரு படியாச் சொல்லு" என்று கேட்கலாம். தப்பென்றால் சிரித்துக்கொண்டே உட்காருவான், அப்படியே அவசரமும் கொஞ்சம் குறையும். அவளிடம் அது செல்லாது. பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கும்போது குனிந்து நோட்டைப் பார்த்து, "இது சரிதான்மா, அடுத்த கணக்கை நீ வந்து போடு" என்று மெதுவாகச் சொல்லிவிடுவேன். விடை சரி என்று தெரிந்தபிறகு எழுந்து வருவது அவளுக்குச் சிரமமாக இல்லை. இதே பெண் கோகோ ஆடும்போது போடுகிற சத்தம் ஸ்டாஃப் ரூம் வரை கேட்கும். அதனால் 'கூச்ச சுபாவம்' என்று ரெக்கார்டில் எழுதி மூடிவிடவும் முடியாது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்கு ஒரு விநாடி அளவுதான் பொறுத்திருந்தார்கள். அதை 3 விநாடி, அதற்கு மேல் என்று நீட்டியதும் பதில்கள் நீண்டன; மந்தம் என்று ஆசிரியர்கள் நினைத்த பிள்ளைகளும் கூடுதலாகப் பேசினார்கள். ஒரு விநாடியில் என் அவசரக்காரன் மட்டும்தான் பதில் சொல்வான்!

'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர்' என்று பிரிக்கிற வினாப்பட்டியல்கள் வாட்சப் குழுக்களில் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் நன்றாகப் படிக்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள்.

நன்னூலில் மாணாக்கரை அன்னம், ஆடு, எருமை என்று பிரித்திருப்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே பாயிரத்தில் பவணந்தியார் ஆசிரியருக்குச் சொன்னதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை: விரையான், வெகுளான், கொள்வோன் கொள்வகை அறிந்து. அதாவது அவசரப்படாமல், கோபப்படாமல், கற்பவன் எப்படி ஏற்றுக்கொள்வான் என்று தெரிந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எனக்கு முதலாவதுதான் இன்னும் கஷ்டம், அதிலும் காலாண்டுக்குள் போர்ஷனை முடிக்கச் சொல்கிற பள்ளியில்.