சங்கீத டீச்சருக்கு ஷீல்ட் குடுக்கலாமான்னு கேட்டவருக்கு

ஹட்டன்ல ரிட்டயர் ஆன உங்க சங்கீத டீச்சருக்கு முட்டிவலி, ஹோலுக்கு வர ஏலாது, அப்ப பொன்னாடையும் ஷீல்டும் வீட்டுக்கே கொண்டு போகவான்னு கேட்டிருக்கீங்க. வீட்டுக்குப் போங்க, ஆனா ஷீல்ட் வேணாங்க. எங்களுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்த சேர் வீட்ல அலுமாரி மேல பதினொன்னு பேப்பர் சுத்துனபடியே கெடக்குது.

நாங்க அவரோட பழைய ஆர்மோனியத்த வாங்கிட்டுப் போயி ரிப்பேர் பண்ணிக் குடுத்தோம், நம்ம பக்கத்து மழைக்கும் பனிக்கும் உள்ள சத்தம் குடுக்குற ரீட்ல களிம்பு புடிச்சு ரெண்டு கட்டை அமுக்குனா எழும்பாமலே கெடந்துச்சு. மனுசன் பாயில ஒக்காந்து துருத்திய இழுத்துப் பாத்துட்டு "எங்க, சரளி வரிசை"ன்னாரு பாருங்க, சங்கீதத்துல மொத மொத படிக்கிற பாடம்! மாயாமாளவகௌளை ராகத்துல ஆரம்பிச்சோம், நாலாவது வரிசையிலயே நாப்பது வயசுக்காரங்க எல்லாம் தடுமாற, பழையபடி தொடையில தட்டி நிறுத்திட்டாரு.

ஒக்டோபர் 6 இலங்கை ஆசிரியர் தினத்தன்னைக்குப் போகாதீங்க, வீடு நெறைய ஆளா இருக்கும், முந்தின ஞாயித்துக்கெழம பாருங்க. வெளிநாட்டுல இருக்க பழைய மாணவருங்கள வாட்ஸப் கால்ல சேந்து பாட விடாதீங்க, சத்தம் பிந்தி வந்து தாளம் நாறிடும். ரெக்கோட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க.