கிராஸ் கம்பைல் செய்யும்போது லைப்ரரி இருந்தும் லிங்கர் 'இல்லை' என்கிறதே, ஏன்?

கேட்டவரின் நிலை இது: 64 பிட் இன்டெல் லினக்ஸ் கணினியில் உட்கார்ந்து 64 பிட் ஆர்ம் போர்டுக்கு பில்ட் செய்கிறார் (ஒரு வகைக் கணினியில் இன்னொரு வகைக் கணினிக்கான புரோகிராமை உருவாக்குவதுதான் கிராஸ் கம்பைல்). கம்பைல் சுத்தமாக முடிகிறது. கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் லிங்கர் இணைக்கும் லிங்க் கட்டத்தில் முதலில் 'ஸ்கிப்பிங் இன்கம்பேட்டிபிள்' (பொருந்தாததை ஒதுக்குகிறேன்) என்று ஒரு வரி, பிறகு ஜீலிப் (தரவைச் சுருக்கும் லைப்ரரி, ஃபைல் பெயர் லிப்இசட்) கிடைக்கவில்லை என்று 'கெனாட் ஃபைண்ட்'. ஜீலிப் கணினியில் இருக்கிறது.

எல்லோரும் கடைசி வரியைத்தான் கூகுளில் தேடுவார்கள். விஷயம் முதல் வரியில் இருக்கிறது. லிங்கர் எந்த ஃபைலைத் திறந்து பார்த்து ஒதுக்கியது என்ற முழுப் பாதையும் அங்கே வரும். அது உங்கள் கணினியின் இன்டெல் லைப்ரரியாக இருந்தால், ஒதுக்கியதில் தப்பில்லை. அந்த வரி வெறும் அறிவிப்பு. அடுத்த டைரக்டரியில் ஆர்ம் பிரதி கிடைத்திருந்தால் லிங்க் முடிந்திருக்கும். கிடைக்காததுதான் உங்கள் பிரச்சினை. ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: லிங்கரை அங்கே அனுப்பியது யார், ஆர்ம் பிரதி எங்கே.

முதலாவதற்கு, லிங்க் செய்யும் ஜிசிசி (கம்பைலர்) கட்டளையோடு '-வி' சேர்த்து ஓட்டுங்கள். வெளியீட்டின் கடைசிப் பகுதியில் லிங்கருக்குப் போகும் பெரிய எல் பாதைகள் (லைப்ரரியைத் தேட வேண்டிய டைரக்டரிகள்) வரிசையாகத் தெரியும். பெரும்பாலும் யாரோ மேக்ஃபைலில் (பில்ட் கட்டளைகள் உள்ள ஃபைல்) கையால் எழுதிவைத்த /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அங்கே நிற்கும். இல்லாவிட்டால் பிகேஜி-கான்ஃபிக் (லைப்ரரிகளின் பாதைகளைச் சொல்லும் கருவி) உங்கள் கணினியின் பிசி ஃபைல்களை (லைப்ரரி விவரக் குறிப்புகள்) படித்துக் கொடுத்ததாக இருக்கும். இதற்கு பிகேஜி_கான்ஃபிக்_பாத் மாறியை அமைத்துப் பயனில்லை. அது பழைய தேடல் பட்டியலுக்கு முன்னால் ஒரு டைரக்டரியைச் சேர்க்கும், அவ்வளவுதான். பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்தான் பட்டியலையே மாற்றும். அதோடு பிகேஜி_கான்ஃபிக்_சிஸ்ரூட்_டிர் மாறியில் சிஸ்ரூட்டின் (போர்டின் லைப்ரரி, ஹெடர் ஃபைல்களின் நகல் இருக்கும் டைரக்டரி) பாதையைக் கொடுங்கள்.

இரண்டாவது, சிஸ்ரூட். போர்டில் உள்ள /லிப், /யூஎஸ்ஆர்/லிப், /யூஎஸ்ஆர்/இன்க்லூட் மூன்றையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு ஒரே டைரக்டரிக்குள் எடுத்து, '--சிஸ்ரூட்' என்று கம்பைல், லிங்க் இரண்டுக்கும் கொடுங்கள். பல மேக்ஃபைல்கள் சிஃபிளாக்ஸை (கம்பைலுக்கான ஃபிளாக்குகள்) லிங்க் கட்டத்தில் சேர்ப்பதில்லை; எல்டிஃபிளாக்ஸிலும் (லிங்குக்கானவை) தனியாகப் போடுங்கள். இங்கே மூன்று பொறிகள் உண்டு.

ஒன்று, லிங்கர் தேடுவது பதிப்பெண் இல்லாத லிப்இசட்.எஸ்ஓ. போர்டில் சாதாரணமாக இருப்பதோ லிப்இசட்.எஸ்ஓ.1. பதிப்பெண் இல்லாதது 'டெவ்' பேக்கேஜில்தான் வரும். அதைப் போர்டில் நிறுவிவிட்டுப் பிறகு நகலெடுங்கள்.

அடுத்தது, சிம்லிங்க், அதாவது இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு. '/' என்று தொடங்கும் முழுப் பாதைக்குச் சுட்டும் சிம்லிங்க், நகலெடுத்த பிறகு உங்கள் கணினியின் லைப்ரரியைச் சுட்டும், அல்லது எதையும் சுட்டாது. ஃபைண்ட் கட்டளையில் '-டைப் எல்' போட்டு இவற்றைத் தேடி, சார்புப் பாதைகளாக மாற்றுங்கள். சிஸ்ரூட்டில் ஃபைல் கண்ணெதிரே இருந்தும் கிடைக்கவில்லை என்று வந்தால் என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

மூன்றாவது டெபியன் வகைப் போர்டுகளுக்கு. லைப்ரரிகள் /யூஎஸ்ஆர்/லிப்புக்குள் ஆர்ம் பெயரோடு இன்னொரு உள் டைரக்டரியில் இருக்கும். வெளியிலிருந்து இறக்கிய டூல்செயின் (கம்பைலர், லிங்கர் அடங்கிய தொகுப்பு) அங்கே தானாகப் போகாது. பெரிய எல் கொடுக்கும்போது பாதைக்கு முன் '=' போட்டால் லிங்கர் அந்தக் குறியின் இடத்தில் சிஸ்ரூட்டின் பாதையை வைத்துக்கொள்ளும். சிஆர்டி1.ஓ (புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபைல்) இல்லை என்று வந்தால் பெரிய எல் உதவாது, '-பி' என்ற பெரிய பி ஃபிளாக் வேண்டும். லிங்கரை நேரடியாக அழைத்தாலும் இதே சிஆர்டி1.ஓ தொல்லைதான், ஜிசிசி வழியாகவே லிங்க் செய்யுங்கள்.

'இன்னொரு லைப்ரரிக்குத் தேவை, கிடைக்கவில்லை, ஆர்பாத்-லிங்க் முயன்று பாருங்கள்' என்ற பிழை வேறு. நீங்கள் கேட்ட லைப்ரரி கிடைத்துவிட்டது, அது சார்ந்திருக்கும் லைப்ரரி கிடைக்கவில்லை. ஆர்பாத்-லிங்க் லிங்க் நேரத்துக்கு மட்டும் வழிகாட்டும். அவசரத்தில் வெறும் ஆர்பாத் போட்டால் உங்கள் கணினியின் பாதை பைனரிக்குள் பதிந்து போர்டுக்குப் போய்விடும்.

பில்ட் கருவி சிமேக் என்றால் அதன் டூல்செயின் ஃபைலில் சிமேக்_சிஸ்ரூட்டோடு, லைப்ரரி, இன்க்லூட் தேடலை 'ஒன்லி' என்றும் புரோகிராம் தேடலை 'நெவர்' என்றும் வையுங்கள். மாற்றியபின் பில்ட் டைரக்டரியையே அழித்துவிடுங்கள். பழைய பாதைகள் கேஷில் ஒட்டிக்கொண்டிருக்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்றால் கொடுக்க வேண்டியது '--ஹோஸ்ட்'. '--டார்கெட்' கம்பைலர் போன்ற கருவிகளை பில்ட் செய்பவர்களுக்கு.

லிங்க் முடிந்ததும் ரீட்எல்ஃப் (பைனரியின் விவரம் காட்டும் கருவி) '-எச்' போட்டு மெஷின் வரியில் ஏஆர்ச்64 இருக்கிறதா பாருங்கள். போர்டில் ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமான சி லைப்ரரி) 2.34 இல்லை என்பது போலப் பிழை வந்தால், லிங்க் செய்த சிஸ்ரூட் போர்டைவிடப் புதியது. போர்டிலிருந்தே எடுத்த சிஸ்ரூட்டில் திரும்ப லிங்க் செய்யுங்கள். ஃபைல் இருந்தும், ஓட்டினால் 'நோ சச் ஃபைல்' என்று வந்தால், இல்லாதது பைனரி கேட்கும் டைனமிக் லோடர் (ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றுவது). ரீட்எல்ஃப் சின்ன '-எல்' அதன் பாதையைக் காட்டும். மசல் (ஜிலிப்சிக்குப் பதிலான இன்னொரு சி லைப்ரரி) உள்ள போர்டுக்கு ஜிலிப்சி டூல்செயினில் பில்ட் செய்தால் இதுதான் நடக்கும். அதற்கு டூல்செயினையே மாற்ற வேண்டும்.