கறுத்த தோல் கதிர்வீச்சைத் தடுக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. இடது மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றிவிட்டு, இப்போது கரண்ட் வைக்கிறார்கள். மொத்தம் 15 நாள். 9 நாள் முடிந்துவிட்டது. தோல் சிவக்கவே இல்லை. கறுத்த தோலில் உள்ள மெலனின் என்னும் நிறமி கதிரைத் தடுத்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். செர்னோபில் அணு உலையில் வளரும் கறுப்புப் பூஞ்சையைச் சான்று காட்டி, மெலனின் மாத்திரை வாங்கிக் கொடுக்கவும் சொல்கிறார். என் பயம் வேறு: தோலே தடுத்துவிட்டால், நோய்க்கு வைக்கும் கதிர் உள்ளே போய்ச் சேராதல்லவா?

மருத்துவர் பதில்: கதிர் சரியாகப் போய்ச் சேர்கிறது, அந்தப் பயம் வேண்டாம். நாம் பேச்சுவழக்கில் கரண்ட் என்று சொன்னாலும் இதில் மின்சாரம் எதுவும் உடலில் பாய்வதில்லை. லினாக் என்னும் இயந்திரம் உண்டாக்கும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்களே தங்கள் தாயாருக்குச் செலுத்தப்படுகின்றன.

மெலனின் காக்கிறது என்பது சூரியனின் புற ஊதாக் கதிரைப் பொறுத்தவரை உண்மை. தோலின் செல்களுக்குள் மெலனின் துகள்கள் உட்கருவின் மேல், வெயில் படும் பக்கமாகத் தொப்பிபோலக் குவிந்து, டி.என்.ஏ.வை அடையுமுன்பே அந்தக் கதிரை உறிஞ்சி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. அந்தக் கதிரில் ஒரு வகையான புற ஊதா பி கதிரில் ஏறத்தாழ 24 விழுக்காட்டை வெள்ளையரின் மேல்தோல் உள்ளே விட்டதாகவும், கறுப்பினத்தவரின் மேல்தோல் 7 விழுக்காடு அளவே விட்டதாகவும் 1979-இல் வெளியான அளவீடு ஒன்று காட்டியது. அங்கேயும் இந்தக் குடை ஓட்டையில்லாதது அன்று: மற்றொரு வகையான புற ஊதா ஏ கதிர் பட்ட மெலனின், வெயில் நின்று மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும் டி.என்.ஏ.வில் சிதைவை உண்டாக்கிக்கொண்டிருப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தார்கள்.

எக்ஸ் கதிரின் கணக்கோ முற்றிலும் வேறு. அதற்கு நிறம் ஒரு பொருட்டே அன்று. வழியில் எவ்வளவு பொருள் நிற்கிறது என்பதைப் பொறுத்தே அது குறையும். ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள மேல்தோலில் சிறிது கூடுதலாக இருக்கும் மெலனின், பல சென்டிமீட்டர் சதையை ஊடுருவிச் செல்லும் கதிருக்கு எந்த வகையிலும் தடையாகாது. தவிர, இந்தக் கதிர் செல்லில் உள்ள நீரைச் சிதைத்து உண்டாக்கும் தீவிர மூலக்கூறுகள் நொடியின் மிகமிகச் சிறிய பகுதியே நிலைத்து, பிறந்த இடத்துக்கு அருகிலேயே டி.என்.ஏ.வைத் தாக்கிவிடுகின்றன. அவற்றை மெலனின் அணைக்கவல்லது என்பது சோதனைக் குழாயில் தெளிவாகத் தெரிந்த உண்மை. ஆனால், தோலில் இருக்கும் மெலனின் மார்பின் உட்பகுதியில் நடப்பதை எப்படி அணைக்கும்?

பூஞ்சைச் செய்தி பொய்யன்று. 1986-இல் வெடித்த செர்னோபில் நான்காம் உலையின் சுவர்களில் மெலனின் நிறைந்த பூஞ்சைகள் வளர்ந்திருந்தன. கதிர்வீச்சில் அத்தகைய பூஞ்சைகளின் வளர்ச்சி கூடுவதை நியூயார்க்கில் ஆய்வாளர்கள் தடச்சோவா, கசடேவால் குழுவினர் 2007-இல் காட்டினார்கள். ஆனால், பூஞ்சைக்கு மெலனின் செல்சுவரிலேயே அமைந்து ஒவ்வொரு செல்லையும் கவசமாகச் சூழ்ந்திருக்கிறது. நம் மார்புத் திசுவுக்கு அப்படிப்பட்ட கவசம் இல்லை, மாத்திரை விழுங்குவதாலும் அது வந்துவிடாது. மெலனின் பூசிய நுண்துகள்களை எலிகளுக்குச் செலுத்தி எலும்பு மச்சையைக் காக்கும் முயற்சி நடந்திருக்கிறது. அது எலிகளோடு நிற்கிற ஆய்வு, கடையில் விற்கும் மாத்திரைக்கு அது சான்றாகாது. மெலனின் மிகுந்த, மெலனோமா என்னும் தோல் புற்றுக்கட்டிகள் கதிர் சிகிச்சைக்கு அவ்வளவு எளிதாக மசிவதில்லை என்பதையும் உறவினருக்குச் சொல்லுங்கள். காக்கும் பொருள் யாரைக் காக்கிறது என்பதும் ஒரு கேள்வி. மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள்.

தோல் சிவக்காததற்குக் காரணங்கள் வேறு. இந்த எக்ஸ் கதிர் தோலின் மேற்பரப்பில் குறைவாகவும் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் முழு அளவிலும் படிகிறது. மேலும், தோல் பாதிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தொடங்கி, சிகிச்சை முடிந்த ஓரிரு வாரத்தில்தான் உச்சத்தை அடையும். மூன்றாவது காரணமே எனக்குக் கவலை தருவது: கறுத்த தோலில் சிவப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. மருத்துவர்கள் பாதிப்பை மதிப்பிடும் அட்டவணை சிவப்பையே முதல் அடையாளமாகக் கொண்டிருப்பதால், கறுத்த தோலுடையவர்களின் புண் தாமதமாகவே கவனிக்கப்படுகிறது. ஆகவே, நிறத்தைப் பார்த்துக் காத்திராமல், எரிச்சல், அரிப்பு, தொட்டால் சூடு, வலி, வழக்கத்துக்கு மீறிய கருமை, ஊதா நிறம் ஆகியவற்றைத் தாயாரிடம் தினமும் கேளுங்கள். மார்பின் அடிமடிப்பையும் அக்குளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் உரிந்து ஈரம் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். அப்படிக் கண்டால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் அன்றே கதிரியக்கப் பிரிவில் சொல்லிவிடுங்கள்.

மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும். துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை நல்லது. மஞ்சள், எண்ணெய், களிம்பு எதையும் அங்குள்ள மருத்துவரைக் கேட்காமல் தடவ வேண்டாம். அந்த இடத்தில் படரும் கருமை பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மங்கிவிடும்.